கூகைமலை, ஏழாம் பாகம்

மாலாங், 9 மார்ச் 2005

அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நல்லபடியா வந்து சேர்ந்தேன். இந்த ஒரு கடிதத்தை மட்டும், என்னைக் கூட்டிட்டு வந்த பாக் தார்மிஜி திரும்பி வரும்போது தன் கையாலேயே தர்றதா சொல்லியிருக்கார். அதனால மனசுல இருக்கிறதை எழுதுறேன். இனிமே நான் எழுதுறதையெல்லாம் இபு மெனிக் படிச்சுட்டுத்தான் தபால்ல போடுவாங்க. நீங்க எழுதுறதையும் பிரிச்சுத்தான் தருவாங்க. இந்தப் பயிற்சி வீட்டுக்கு அவங்கதான் மேற்பார்வை.

உறை மேலே முஸ்லிகான்னு எழுதுங்க. இஸ்திகோமான்னு எழுதினா அப்படி யாரும் இல்லைன்னு திருப்பிடுவாங்க. அக்காவோட பிறப்புச் சீட்டை எடுத்துத் தந்ததும் நீங்க, சம்மதப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டதும் நீங்க. அதனால அழாம எழுதுங்க. பதினாறு வயசுப் பொண்ணை ஹாங்காங்ல வீட்டு வேலைக்கு எடுக்க மாட்டாங்க, இருபத்தொண்ணுன்னா எடுப்பாங்க. அக்கா உயிரோட இருந்திருந்தா அவளுக்கு அந்த வயசுதானே. அப்பா மலேசியாவுக்குப் போய் ரெண்டு வருஷமா ஒரு வரி இல்லை, வேற என்ன வழின்னு நீங்கதானே கேட்டீங்க.

முடியை வெட்டிட்டாங்க. ஆம்பளைப் பையன் மாதிரி, காதுக்கு மேலே. மத்தவங்க அழுதாங்க, நான் அழலை. கூகைமலைக் கதையில, வாசல்ல கெமுனிங்குக்கும் இப்படித்தான் வெட்டினாங்க. அவ பேரைக்கூட வாசல்காரன் வாங்கி ஒரு மண்சாடியில போட்டு மூடிட்டுத்தான் உள்ளே விட்டான். வாள்பயிற்சி முடிஞ்சு மலையை விட்டு இறங்குற அன்னிக்குத்தான் பேர் திரும்பக் கிடைக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. படிக்காமலே மூணாம் பாகத்தை அடுப்புல வெச்சவங்க நீங்க. ஜின், மந்திரம், பாவம்னு சொன்னீங்க. அது வாடகைப் புத்தகம். இபு யாயுக் கடை வாசல்ல நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்னுகூட நினைக்கலை.

அந்தக் கோபத்துலதான் கிளம்புறப்போ உங்க கையை முத்தமிடாம வண்டி ஏறினேன். அதுக்கு மன்னிப்புக் கேட்க இன்னும் மனசு வரலை.

ஆனா ஒண்ணு கேக்குறேன். இங்கே புத்தகம் கூடாது, கடிதம் கூடும். நாலாம் பாகத்தை யாயுக் கடையில எடுத்து, கெமுனிங்குக்கு என்ன ஆச்சுன்னு எழுதுங்க. பிடிக்கலைன்னா எழுத வேண்டாம்.

இஸ்தி


ட்ரெங்காலெக், 18 மார்ச் 2005

கெண்டுக், என் மகளே, வ அலைக்கும் ஸலாம்.

அந்தப் பெயரை எழுதப் போய் மூன்று உறைகள் பாழாயின. நாலாவதுதான் உன் கைக்கு வருகிறது.

நேற்று வியாழன். யாசீன் ஓதப் பெண்கள் நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். மவுத்தாகிப் போனவர்களின் பெயர் நோட்டு என்னிடம் இருப்பது உனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக ஒரு பெயர் விடாமல், ஒரு பெயர் இரட்டிக்காமல் எழுதி வாசித்து வருகிறேன். நேற்று ஒரு பெயரைத் தாண்டிப் போய்விட்டேன். எங்கேயோ ஒரு பெண்ணை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அதை எப்படி நான் கபரில் இருப்பவர்களோடு சேர்த்து வாசிப்பேன்? இபு மர்ஃபுஆவின் காது பாம்புக் காது. “என்னடி கஸ்மிரா, பெத்த பொண்ணையே மறந்துட்டியா?” என்றாள். கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று சொன்னேன். யாசீன் ஓதிய வாயால் பொய் சொன்னேன்.

நாலாம் பாகம் படித்தேன். எரித்த பாகத்துக்கு ஈடாக யாயுக்குக்கு முட்டையிடும் கோழி ஒன்றைக் கொடுத்துவிட்டேன், நீ மூஞ்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உன் அக்காவின் பழைய பள்ளிப் புத்தகங்களில் எழுத்துக் கூட்டிக் கற்றவள் நான். ஒரு நாளைக்கு ஒன்பது பக்கம்தான் ஓடுகிறது.

பக்கம் 5: கெமுனிங் தண்ணீர் சுமக்கிறாள். பக்கம் 14: மறுபடியும் தண்ணீர் சுமக்கிறாள். பக்கம் 31: ஒரு ஜின் வருகிறது. ஆயத்துல் குர்ஸி ஓதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன், அதனால் ஜின் என்ன சொன்னது என்று தெரியாது. பக்கம் 60 முதல் 88 வரை சண்டை. பக்கம் 112: தளபதி அவளை ஒரு வறண்ட கிணற்றில் இறக்கிக் கயிற்றை எடுத்துவிடுகிறாள். முடிந்தது.

இவ்வளவு பக்கத்தில் அந்தப் பெண் ஒரு தரம்கூட அரிசி களையவில்லை. அவளைப் பெற்றவள் எங்கே என்றும் ஒருவரும் கேட்கவில்லை.

சாப்பிடுகிறாயா?

அம்மா


மாலாங், 11 ஏப்ரல் 2005

அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்க அறையில நாற்பது பேர். உங்க கடிதத்தை எல்லாருக்கும் வாசிச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இப்போ யார் வாளி தூக்கினாலும் “மறுபடியும் தண்ணீர் சுமக்கிறாள்”னு ஒருத்தி குரல் குடுப்பா. அதிகம் சிரிச்சது பல்லி. லோம்போக் தீவுக்காரி, குச்சி மாதிரி இருப்பா, ஜன்னல் கம்பியில கால் வெச்சு ஏறித் துணி காயப்போடுவா, அதனால அந்தப் பேர். “உங்கம்மா கதை சொல்றாங்களா, மளிகைச் சிட்டை எழுதுறாங்களாடி?”ன்னு கேட்டா. ஊர்ல அவளும் கூகைமலை படிச்சிருக்கா, எதுவரைக்கும்னு சொல்ல மாட்டேங்கிறா. “நான் சொல்ல மாட்டேன், உங்கம்மா வாயாலதான் கேக்கணும். எங்கம்மா எனக்கு ஒரு வரி எழுதினதில்லை”ங்கிறா.

அந்த ஜின் என்ன சொல்லுச்சுன்னு தெரியாம இங்கே யாருக்கும் சோறு இறங்கலை. தயவுசெஞ்சு அந்தப் பக்கத்தைப் படிங்க.

பயிற்சி நடக்குது. நாலரைக்கு எழுப்பி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால தரை. முப்பது சட்டை இஸ்திரி. ரப்பர் பொம்மையைக் குழந்தைன்னு வெச்சுக் குளிப்பாட்டணும், கை தவறி விட்டா அன்னிக்கு ராச்சோறு கிடையாது. “மன்னிச்சுக்கோங்க முதலாளியம்மா”ங்கிறதை ஹாங்காங் பாஷையில நூறு தடவை சொல்லணும். எங்களுக்கு நல்லா வர்ற ஒரே வாக்கியம் அதுதான்.

எங்க அறையிலயும் ஒரு சாடி இருக்கு, காலிப் பால்பவுடர் டப்பா. கெமுனிங் வாசல்ல எதைக் குடுத்தாளோ அதை நாங்களும் ஆளுக்கொரு சீட்டுல எழுதி மடிச்சுப் போட்டிருக்கோம். விமானம் ஏறுற நாள் வரைக்கும் யாரும் யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாது, டப்பாவையும் திறக்கக் கூடாது. யோசனை என்னோடது. பல்லி என்னை வாசல்காரின்னு கூப்பிடறா.

உங்கள் மகள்


ட்ரெங்காலெக், 2 மே 2005

கெண்டுக், அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.

நாலாம் பாகத்தைத் திரும்ப வாடகைக்கு எடுத்தேன். யாயுக் வாயைக் கேட்க வேண்டுமே. “பாவம்னு எரிச்ச மகராசி, இப்போ கடைக் கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி வந்து நிக்கிறியே” என்றாள். “மகளுக்குக் கணக்கு ஒப்பிக்கணும்” என்றேன்.

பக்கம் 31. ஜின் கெமுனிங்கிடம் சொல்கிறது: “உன் பேரை நான் கேட்க மாட்டேன். பசிக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.” இதற்காகவா ஓதிக்கொண்டு ஓடினேன் என்றிருந்தது. எந்தக் கூட்டத்திலும் நல்லது கெட்டது உண்டு என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாம் பாகம், 108 பக்கம். பதினோரு நாள் அவள் கிணற்றுக்குள் கிடக்கிறாள். பக்கம் 40-இல் ஊரிலிருந்து ஒரு வியாபாரி வந்து கிணற்றை எட்டிப் பார்த்து, “நன்றாக இருக்கிறாயா, சாப்பிட்டாயா?” என்று கேட்கிறான். தளபதி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால் கெமுனிங், “வயிறு நிறையச் சாப்பிட்டேன், எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள்” என்று கத்துகிறாள். வியாபாரி சந்தோஷமாகப் போய்விடுகிறான். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் சோயா டெம்பே கரியானது.

பக்கம் 97-இல் அவளை வெளியே எடுக்கிறார்கள். எழுத்துக்கூட அவளோடு சேர்ந்து மூச்சு வாங்குவது போல இருக்கிறது. இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீயே ஒரு நாள் படி.

அம்மா


மாலாங், 20 ஜூன் 2005

அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நல்லா இருக்கேன். கிணத்துக்குள்ள கெமுனிங் எப்படிச் சாப்பிட்டாளோ அப்படி வயிறு நிறையச் சாப்பிடுறேன். இபு மெனிக் ரொம்ப அன்பானவங்க, அந்தத் தளபதி மாதிரியே. போன மாசம் ஒருத்தி வீட்டுக்குப் போகணும்னு கேட்டா. அவளை ஒரு நாள் பூரா முற்றத்துல காத்தாட நிக்க வெச்சாங்க. இப்போ யாரும் கேக்குறதில்லை.

எப்போ விமானம்னு இன்னும் சொல்லலை.

உங்க கடிதம் வந்தா இபு மெனிக்கே முதல்ல கதையைத்தான் தேடுறாங்க. “அடுத்த பாகம் எப்போடி வரும், உங்கம்மாவைச் சீக்கிரம் எழுதச் சொல்லு”ன்னு நேத்துக்கூடக் கேட்டாங்க. அதனால அம்மா, கதையை நிறைய எழுதுங்க.

உங்கள் மகள் முஸ்லிகா


ட்ரெங்காலெக், 29 ஜூலை 2005

கெண்டுக்,

கிணற்றுச் சாப்பாடு பற்றி எழுதியிருந்தாய். படித்து மனம் குளிர்ந்தது.

இந்த மாதம் ஒரு கல்யாணத்துக்காக மாலாங் வந்திருந்தேன். நீ இருக்கும் வீட்டு வழியாகத்தான் நடந்தேன். பின்மதிலை ஒட்டி நிற்கும் பலாமரம் நன்றாகக் காய்த்திருக்கிறது. உங்களுக்குக் காய்கறி கொண்டுவரும் இபு சார்மியிடம் இரண்டு கட்டு கங்குங் கீரை வாங்கினேன். நல்ல மனுஷி.

ஆறாம் பாகம், 110 பக்கம். கெமுனிங்கைக் கோபுரத்தின் மேல்மாடியில் பூட்டி வைக்கிறார்கள். பக்கம் 110-இல் அவள் கதவைத் தட்டுகிறாள். அத்தோடு முடிகிறது.

இனி ஏழாம் பாகம்.

கெமுனிங்கைத் தேடி அவளைப் பெற்றவள் மலைக்கு வருகிறாள். வாசலில் கேட்டால், “அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை, கிழவி, போ” என்கிறார்கள். அவள் போகவில்லை. மதிலைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். காவல்காரர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்ஆ தொழுகைக்குப் போகிறார்கள், ஒரு மணி நேரம் வாசலில் பூட்டு மட்டும்தான் காவல் என்று கண்டுகொள்கிறாள். இந்தச் செய்தி மகளுக்கு எட்டுகிறது. மாதத்தின் இரண்டாம் வெள்ளியன்று, துணி உலர்த்தும் மொட்டைமாடியில் நாலு படுக்கை விரிப்புகளை ஒன்றோடொன்று முடிச்சிடுகிறாள். நெல்மூட்டைக்குப் போடும் இரட்டை முடிச்சு. தண்ணீர்த் தொட்டியின் காலில் கட்டி, பலாமரம் இருக்கும் பக்கமாக இறங்கி, மரமேறி மதிலைத் தாண்டுகிறாள். வெளியே அவள் அம்மா காய்கறி வண்டியோடு நிற்கிறாள். மூடிக்கொள்ள வெறும் சாக்கு இருக்கிறது.

கெமுனிங் வராமல் இருந்தால் அவள் அம்மா அடுத்த வெள்ளியும் நிற்பாள். அதற்கடுத்த வெள்ளியும்.

இந்தப் பாகம் அவ்வளவு சுவையாக இல்லை. மற்றவர்களுக்கு வாசிக்க வேண்டாம்.

அம்மா


மாலாங், 13 ஆகஸ்ட் 2005

கெண்டுக், இபு சார்மி இதைக் கீரைக் கட்டுக்குள் வைத்துக் கொண்டுவருவாள். நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். ஒரு வரி போதும், உன் கையெழுத்தில். உயிரோடு இருக்கிறாயா?

நேற்று பாங்கு சொன்னதும் காவல்காரர்கள் போவதைப் பார்த்தேன். வண்டியை மதிலோரம் நிறுத்தினேன். குத்பா பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். பலாப்பழம் விழுந்தது என்று நினைத்தேன். பழம் இல்லை என்று உள்ளே எழுந்த கூச்சல் சொன்னது.

உன் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தேன். எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் வாய் அப்படியே நின்றது. நான் பெற்றவள்.

வாசலுக்கு ஓடினேன். முஸ்லிகா என்றேன். அப்படி யாரும் இல்லை என்றார்கள். இஸ்திகோமா என்றேன். அப்படியும் இல்லை என்றார்கள். “ஒரு பிள்ளைக்கு எத்தனை பேரும்மா வெச்சிருக்கே?” என்று ஒருவன் சிரித்தான். காவல் நிலையத்துக்குப் போனேன். மகளின் பெயர், வயது என்ன என்று எழுத ஆரம்பித்தார்கள். நான் கையெழுத்துப் போட்ட பத்திரம் நினைவுக்கு வந்தது. எழுந்து வந்துவிட்டேன். இதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

வருகிற வியாழன் நோட்டைத் திறக்க வேண்டும். என்ன எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வரி எழுது.


மாலாங், 17 ஆகஸ்ட் 2005

அம்மா,

உயிரோட இருக்கேன். விழுந்தது பல்லி.

இன்னிக்குச் சுதந்திர தினம், காவல்காரங்க தெருவுல கயிறு இழுக்குற போட்டிக்குப் போயிருக்காங்க. அதனாலதான் எழுத முடியுது. இபு மெனிக் உங்க கடிதம் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க.

வாசிக்க வேண்டாம்ங்கிற வரியைக் கடைசியில எழுதியிருந்தீங்க. அதுக்குள்ள நான் முழுசும் வாசிச்சாச்சு, நாற்பது பேரும் சுத்தி உட்கார்ந்திருந்தாங்க. எனக்குப் புரியலை, நிஜமாவே கதைன்னுதான் நினைச்சேன். எல்லாரும் படுத்தப்புறம் பல்லி என் காதுல வந்து சொன்னா: “மக்கு, ஏழாம் பாகம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஆறோட அந்தப் பதிப்பகத்தையே மூடிட்டாங்க. இதுல பாரு, ஒரு பக்க எண்கூட இல்லை. உங்கம்மா பக்க எண் போடாம எழுதுவாங்களா? கூகைமலைக் காவல்காரன் எந்தப் பள்ளிவாசலுக்குடி ஜும்ஆவுக்குப் போவான்? உங்கம்மா வராங்க.”

அவளுக்கும் வரணும்னு இருந்துச்சு. நான் முதல்ல இறங்குறதாத்தான் பேச்சு. வெள்ளிக்கிழமை முடிச்செல்லாம் போட்டப்புறம் என்னைப் பிடிச்சு இழுத்தா. “நீ கனம், நான் லேசு. துணி தாங்குதான்னு நான் பாத்துட்டுக் கூப்பிடறேன். கீழே போனதும் உங்கம்மா கையை நான்தான் முதல்ல முத்தமிடுவேன். நீதான் முத்தமிடாம வந்த திமிர் பிடிச்சவளாச்சே”ன்னு சொல்லிட்டே கைப்பிடிச் சுவர் ஏறினா.

முடிச்சு அவிழலை, அம்மா. துணிதான் கிழிஞ்சுது. இங்கே இருக்கிற விரிப்பெல்லாம் விரிச்சு மடிச்சுப் பழகிப் பழகி நைஞ்சது. அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும்.

துவைக்கிற கல் மேல விழுந்தா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிடுச்சு. துணி காயப்போடுறப்போ கால் வழுக்கிட்டான்னு எழுதிக்கிட்டாங்க. அவ காகிதத்துல இருந்த ஊருக்குச் சொல்லி அனுப்பினதுக்கு, அந்தப் பேர்ல அங்கே குடும்பமே இல்லைன்னு பதில் வந்துச்சு. அவ நிஜப் பேர் யாருக்காவது தெரியுமான்னு எங்களை வரிசையா நிக்க வெச்சுக் கேட்டாங்க. யாருக்கும் தெரியலை. சொல்லக் கூடாதுன்னு விளையாட்டு வெச்சவ நான். ஞாயிற்றுக்கிழமை பேர் இல்லாமலே இங்கே பக்கத்துல அடக்கினாங்க.

அப்புறம்தான் டப்பா ஞாபகம் வந்துச்சு. நேத்து அதைத் திறந்தோம். ஒவ்வொருத்தரா வந்து அவங்கவங்க சீட்டைப் பார்த்து எடுத்துக்கிட்டாங்க. கடைசியா என்னோடதை எடுத்தேன். அடியில ஒண்ணு மிஞ்சுச்சு.

ரபிஆத்துன் பிந்தி மஹ்னுன்.

அவ்வளவுதான் இருந்துச்சு. ஊர் எழுதலை. நோட்டுல சேர்த்துக்கோங்க. என் சீட்டையும் இதோட வெச்சிருக்கேன், நீங்க பத்திரமா வெச்சிருங்க.

இன்னிக்குச் சாயங்காலம் எங்களை வேற வீட்டுக்கு மாத்துறாங்க, எங்கேன்னு சொல்லலை. விசாரணை வர்றதுக்கு முன்னாடி எல்லாரையும் விமானம் ஏத்திடணும்னு அவசரம். தேட வேண்டாம். மாட்டினா நீங்கதான் மாட்டுவீங்க. நான் போறேன், அம்மா. போய்ச் சேர்ந்ததும் அங்கேயிருந்து எழுதுறேன்.

கையை முத்தமிடாம வந்தேன். மன்னிச்சுடுங்க.

இஸ்திகோமா


ட்ரெங்காலெக், 26 ஆகஸ்ட் 2005

கெண்டுக்,

உன் முகவரி வரும்வரை இந்தக் கடிதம் வீட்டிலேயே இருக்கும்.

அன்று உன் கடிதம் கிடைத்ததும் ஓடினேன். வாசலில் பூட்டு. மாடியில் துணி எதுவும் இல்லை. அதன்பின் இபு சார்மியோடு கபர்ஸ்தானுக்குப் போனேன். புது மண் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை, எண் எழுதிய பலகை மட்டும் நட்டிருந்தது. பலகையின் பின்பக்கத்தில் கரியால் அவள் பெயரை எழுதினேன். மழை வரும்வரை இருக்கும். பிறகு உட்கார்ந்து என் கையைத் தரையில் வைத்தேன், கொஞ்ச நேரம். அவள் கேட்டதாக நீ எழுதியிருந்தாயே.

துணி கிழிந்ததற்கு நீ உன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டாம். கதை எல்லாம் பொய், பொய் எல்லாம் பாவம் என்று புத்தகத்தை எரித்தவள் நான். பிறகு நானே ஒன்று எழுதினேன். யாயுக்கிடம் ஏழாம் பாகம் இல்லை என்று ஜூன் மாதமே தெரியும். இதை யார் முன்னால் சொல்ல வேண்டுமோ அவன் முன்னால் ஐந்து வேளையும் சொல்கிறேன். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

லோம்போக்கில் மஹ்னுன் என்ற பெயரில் எத்தனை தகப்பன்மார் இருப்பார்கள் என்று தெரியாது. அந்தத் தீவின் பள்ளிவாசல்கள் சிலவற்றின் முகவரியை ஹஜ்ரத் எழுதித் தந்தார். இதுவரை பதினான்குக்கு எழுதிவிட்டேன்.

நேற்று வியாழன். நோட்டை வாசித்தேன். முஸ்லிகாவின் பெயரை அதன் இடத்தில் வாசித்தேன். அது அவளுடையது, நான் கடன் கொடுத்திருக்கக் கூடாது. கடைசியில் ரபிஆத்துன் பிந்தி மஹ்னுன் என்றேன். இபு மர்ஃபுஆ, “யாரடி இது? நம்ம ஊர்ல இப்படி ஒரு மஹ்னுன் கிடையாதே” என்றாள். “என் மகளுக்கு முன்னால இறங்கினவ” என்றேன். எல்லாரும் ஓதினார்கள்.

உன் சீட்டை நோட்டுக்குள் வைக்கவில்லை. அது மவுத்தானவர்களின் நோட்டு. பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரிசிச் சாடிக்குள் போட்டு மூடியிருக்கிறேன். காலையும் மாலையும் அரிசி எடுக்கக் கை விடும்போது, அது என் கையில் படுகிறது.

அம்மா